மழை உண்டா என்று கேட்பது

அக்கினி நட்சத்திரத்தின் ஏழாம் நாள்
மானூர்க் குளத்தில் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் மழை
என்று சொன்னது எங்கள் பெட்டி.
குளத்துக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

ஆவுடைநாயகி போன் போட்டாள்.
பாசனப் பிரிவின் பதிவேடு அவள் கையில்.
"எக்கா, இங்க வேப்பம்பூ காஞ்சு பொடியா உதிருது,
ஒங்க மிஷினு மட்டும் நனைஞ்சிக்கிட்டு நிக்கி.
நான் எதை எழுத?"

வண்ணார்பேட்டை, டயர் கடைக்கு மேல் மாடி.
ரப்பர் வாசத்துக்குள் தலைப்புக் கோப்பைத் திறந்தேன்.
பன்னிரண்டாவது வரியில் மசூது எழுதியிருந்தான்:
மழை உணரி, சுழியம்.
மயில் கொத்தி உடைத்ததைக் கழற்றிவந்த அன்று
அணைத்துவிட்டோம் என்று நம்பி எழுதியது.

முந்நூறு வரி தள்ளிக் கீழே
என் கேள்வி: இஃப்டெஃப்.
அது மதிப்பைக் கேட்காது.
இந்தப் பெயரை யாராவது சொன்னீர்களா,
அவ்வளவுதான் அதற்கு வேண்டும்.
சொன்னோம். சுழியம் என்று சொன்னோம்.
சொன்னதால் கதவு திறந்துகொண்டது.
உணரி இல்லாத வெறுங்கம்பியின் நுனி
வெயிலில் நடுங்கிய நடுக்கத்தையெல்லாம்
துளி துளியாக எண்ணியிருக்கிறது பெட்டி.

"இஃப் மட்டும் போட்டிருக்கணும்" என்றான் மசூது.
பாப்பாக்குடிப் பெட்டிக்கு அப்படித்தான் போட்டிருந்தான்.
அங்கே உணரி புதிசு, மதிப்பு ஒன்று.
ஆனால் என் கோப்பில் இசட்-எச் போட்ட மழை,
அவன் கேள்வியில் எல் போட்ட மழை.
ஆங்கில எழுத்தில் அது மலை.
முன்செயலி தெரியாத பெயரைப் பார்த்தால்
யார் வே நீ என்று கேட்பதில்லை.
முனகாமல், சுழியம் என்று எடுத்துக்கொண்டு
அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.
சித்திரைக் கடைசியில் இடியோடு ஊற்றிய இரண்டு நாளும்
பாப்பாக்குடிப் பெட்டி வாயே திறக்கவில்லை.
எச்சரிக்கைகளை அணைத்துவைத்தது நான்தான்.
அதை மசூதிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாவது ஒன்று உண்டு:
பெயரை எழுதி, பின்னால் எதுவும் எழுதாமல் விடுவது.
இருக்கிறதா என்றால் இருக்கிறது.
எவ்வளவு என்றால் கம்பைலர் கத்தும்,
இஃபுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லையே என்று.

சனிக்கிழமை ரேஷன் கடையில் விரல் வைத்தேன்.
திரையில் இரண்டாவது வரி, செல்வின்.
போய் ஆறு வருஷம்.
முதலில் பெங்களூரு என்றார்கள், பிறகு எதுவும் என்னவில்லை.
"இவுக வீட்ல இருக்காகளா?" என்றாள் பில் போடுகிறவள்,
தலையைத் தூக்காமல்.
"பேரு இருக்கு" என்றேன்.
சர்க்கரையை நிறுத்தாள்,
அவனுக்கும் சேர்த்து.
பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.
கனமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு கேள்வியையும் சேர்த்து எழுதினேன்:
பெயர் உண்டா, உண்டென்றால் மதிப்பும் உண்டா.
எழுத்தைக் கூட்டிப் பார்த்தேன், இசட், எச்.
எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டேன்.
நாற்பத்தேழு வந்தன.
நாற்பத்தாறைச் சரிசெய்ய இரவாகிவிட்டது.
ஒன்று எதைச் சொல்கிறதென்று இன்னும் புரியவில்லை.

மறுநாள் மானூருக்குப் போய்ப் பெட்டியில் ஏற்றி,
மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போது
மேற்கே கறுத்தது.
ஸ்குரூடிரைவரைக் கீழே வைப்பதற்குள் பிடித்துக்கொண்டது.
புழுதி முதலில் மணத்தது, பிறகு ஓடியது.
ஆடுகள் மதகடிக்கு ஒதுங்கின.
என் சட்டை, என் பை, லேப்டாப் உறை எல்லாம் சொட்டச் சொட்ட,
பெட்டியின் சின்னத் திரையில்
மழை என்ற சொல்லுக்கு எதிரே
ஒரு கோடு.
சுழியம் அல்ல. கோடு.
உணரி இல்லை, அதனால் எனக்குத் தெரியாது என்கிற கோடு.

போன் அடித்தது.
"எக்கா, இங்க அலுவலகத்து ஓடெல்லாம் ஒழுகுது.
இன்னைக்காவது சொல்லு, எவ்வளவுன்னு போட?"
திரையை முழங்கையால் துடைத்துப் பார்த்தேன்.
"கோடு போடு, ஆவுடை" என்றேன்.
"கேக்கல!"
"கோடு!"